யோசனையும் மறுமொழியும்: அம்பையின் சிறுகதை ஒன்றில் பெண்ணின் தொழிலறிவு

முன்னுரை

தமிழ்ப் புனைகதைகளில் பணிபுரியும் பெண்ணைப் பற்றிய ஆய்வுகள் நம் பல்கலைக்கழகங்களில் குறைவின்றி நிகழ்ந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை இருவகைப்படும். பெண் வேலைக்குச் செல்வதால் குடும்பத்தில் எழும் சிக்கல்களை விவரிப்பது ஒரு வகை. பணியிடத்தில் அவள் அடையும் துன்பங்களைப் பட்டியலிடுவது மற்றொரு வகை. இரண்டும் பயனுடையனவே. எனினும் இரண்டிலும் ஒரு கேள்வி விடுபட்டுப் போகிறது. வேலை செய்கின்றவள் அவ்வேலையைப் பற்றி என்ன அறிந்திருக்கிறாள்? அந்த அறிவைக்கொண்டு வேலையை மாற்றியமைக்க அவள் ஒரு யோசனை கூறினால் அதற்கு என்ன நேர்கிறது? இக்கேள்வியை முன்வைத்து, அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ என்னும் சிறுகதையை மீளவும் வாசிக்க இக்கட்டுரை முற்படுகிறது. 1988-ஆம் ஆண்டு இதே தலைப்பிலான தொகுதியில் நூலுருப் பெற்ற இக்கதை, தமிழ்ப் பெண்ணிய எழுத்தின் முதன்மையான ஆக்கங்களுள் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. அவ்வாறு கற்பிக்கையில் நாம் எதைக் காணத் தவறுகிறோம் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. சொல்லில் உள்ள தடை

ஒருவர் தம் பணியில் உயரவும் புதியன செய்யவும் விரும்புவதைக் குறிக்க, பழியும் புகழும் சாராத ஒரு சொல் தமிழில் எளிதில் கிட்டுவதில்லை. ‘பேராசை’ என்றால் பழி. ‘இலட்சியம்’ என்றால் தன்னலம் துறந்த உயர்நோக்கு. ‘முன்னேற்ற வேட்கை’, ‘உயர்வேட்கை’ போன்றவை கட்டுரைகளுக்கென ஆக்கிக்கொண்ட தொடர்களேயன்றிப் பேச்சில் வழங்குவன அல்ல. திருக்குறளை நோக்கின் இந்த இருமை மேலும் தெளிவாகும். துறவறவியலில் 37-ஆம் அதிகாரமாகிய அவாவறுத்தல் விருப்பத்தை வேரோடு களையச் சொல்கிறது. பொருட்பாலில் 60-ஆம் அதிகாரமாகிய ஊக்கமுடைமையும் 62-ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமையும் உயர எண்ணுவதையும் ஓயாது முயல்வதையும் உடைமையாகவே போற்றுகின்றன. துறவிக்கு ஒன்று, உலகியலில் நிற்போர்க்கு மற்றொன்று எனப் பொருத்திக்கொள்வதில் முரண் ஏதுமில்லை.

சிக்கல் குறளில் இல்லை. அதை நாம் வழங்கும் முறையில் உள்ளது. ஒரே செயலை ஆண் செய்யுங்கால் ஊக்கம் என்றும், பெண் செய்யுங்கால் அவா என்றும் பெயரிட நம் நா பழகியிருக்கிறது. துறைத்தலைமையை விரும்பும் ஆசிரியர் ‘துடிப்பானவர்’. அதையே விரும்பும் ஆசிரியை ‘பதவிக்கு ஆசைப்படுபவர்’. இவ்வேறுபாடு அகராதியில் பதிவாகாதது. ஆயினும் பள்ளி ஆசிரியர் அறையிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் இயங்குவது. புனைகதையை வாசிக்கும்போதும் இந்த நாவே நம்மோடு வருகிறது என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளவேண்டும்.

2. மீனாட்சியின் முன்மொழிவு

அம்பையின் கதை ராஜஸ்தானத்தில், அஜ்மீரில் உள்ள ஒரு கூட்டுக்குடும்பத்தில் நிகழ்கிறது. கிஷனை மணந்து அவ்வீட்டுக்கு வந்த தென்னாட்டுப் பெண் மீனாட்சி. மாமனார் பப்பாஜி அறைக்கு அடுத்து அறையாக நீட்டிக் கட்டிய அவ்வீட்டில், சமையலறைக்குக் கிடைத்தது ஒரு மூலை. குடும்பத்தினர் அனைவருக்கும் உணவு ஆகும் அவ்விடத்தில் காற்றும் ஒளியும் போதா. பாத்திரம் கழுவ இடம் போதாது. வெளியே மலை இருந்தும் அதைக் காண வழியில்லை. ஒருநாள் மீனாட்சி பப்பாஜியிடம் நேராகவே பேசுகிறாள். சமையலறையை ஒட்டிய தாழ்வாரத்தை விரிவாக்கலாம். பாத்திரம் கழுவப் பெரிய தொட்டி கட்டலாம். துணி உலர்த்தக் கம்பி அமைக்கலாம். சமைப்பவர்கள் மலையைப் பார்த்துக்கொண்டே சமைக்கலாம் என்பது அவள் கருத்து. வீடு அதிர்ச்சியில் உறைகிறது. பின்னர்ச் சமையலறைக்கு வெளியே கயிறு கட்டப்பட்டு, ஈரத்துணிகள் தொங்குகின்றன. மலை மறைந்துவிட்டது. பப்பாஜி ஒரு சொல்லும் கூறவில்லை. அந்தத் துணிக்கொடியே அவர் தந்த மறுமொழி.

இக்காட்சியைத் திறனாய்வாளர்கள் பெரிதும் ஆணாதிக்கத்தின் குறியீடாகவே விளக்குவர். மலை விடுதலை என்றும் துணிக்கொடி தடை என்றும் கொண்டால் விளக்கம் முற்றுப்பெற்றுவிடும். ஆனால் குறியீட்டுக்கு விரையும் இவ்வாசிப்பு மீனாட்சி உண்மையில் என்ன சொன்னாள் என்பதைக் கேளாது போகிறது. அவள் விடுதலை வேண்டும் எனக் கூறவில்லை. நீர் எங்கே வடியும், தொட்டி எங்கே அமையும், கம்பி எங்கே செல்லும் என்று கூறினாள். அது ஒரு பணியிடச் சீரமைப்புத் திட்டம். வேலையின் ஓட்டத்தையும் இடத்தின் குறையையும் கூர்ந்து நோக்கி, செலவு குறைந்த தீர்வொன்றைச் சொல்லும் தொழிலறிவு அதிலுள்ளது. இன்று ஒரு தொழிற்சாலையில் இத்தகைய முன்மொழிவை எழுத்து வடிவில் தந்தால் அதற்குப் பரிசும் கிட்டக்கூடும்.

பப்பாஜியின் மறுமொழியும் இந்நோக்கில் புதுப்பொருள் பெறுகிறது. அவர் அத்திட்டத்தை முழுமையாக நிராகரிக்கவில்லை. துணி உலர்த்த ஏற்பாடு வேண்டும் என்ற ஒரு கூற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறார்; அதையே திட்டத்தின் மையத்துக்கு எதிராகத் திருப்புகிறார். யோசனையின் ஒரு துண்டு நிறைவேறுகிறது. யோசனை கூறியவள் தோற்கிறாள். தம் முன்மொழிவு சிதைந்த உருவில் நடைமுறைக்கு வருவதைப் பணியிடத்தில் கண்ட பெண்கள் இக்காட்சியின் கூர்மையை விளக்கமின்றியே உணர்வர். மறுப்பைவிடக் கொடியது மறுமொழி தராமை. மறுமொழி தராமையைவிடக் கொடியது இத்தகைய பாதி ஏற்பு. இம்மூன்றையும் அம்பை ஒரு துணிக்கொடியில் காட்டிவிடுகிறார்.

3. ஜீஜியின் அதிகாரம்

மாமியாராகிய ஜீஜி இக்கதையின் மற்றொரு மையம். சமையலறையின் மீதான ஆளுகையே அவளுக்கு அதிகாரம். அவ்வதிகாரத்துக்காக வீட்டின் பெண்களுக்கிடையே ஓயாத போட்டி நிலவுகிறது. ‘பெண்ணுக்குப் பெண்ணே எதிரி’ என்ற வாய்பாட்டைச் சான்று காட்ட இப்பகுதியைப் பயன்படுத்தும் மாணவர் கட்டுரைகள் பல. இவ்வாய்பாடு கதைக்கு இழைக்கும் அநீதி என்பது நம் கருத்து.

அமெரிக்கச் சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் காண்டர் 1977-இல் வெளியிட்ட பெருநிறுவன ஆண் பெண் பற்றிய நூலில் ஒரு கருத்தை நிறுவினார். உயர்வேட்கை என்பது ஆளின் இயல்பைவிட அவர் வகிக்கும் இடத்தைச் சார்ந்தது. மேலேறும் வழி அடைபட்ட இடத்தில் நிறுத்தப்பட்டவர் ஆணாயினும் பெண்ணாயினும் தம் வேட்கையைச் சுருக்கிக்கொள்வர். சிறிய எல்லைக்குள் கிட்டும் அதிகாரத்தை இறுகப் பற்றுவர் என்பது அதன் சாரம். ஜீஜியை இந்நோக்கில் கண்டால் அவள் போட்டி பெண்மையின் குணமன்று. வெளிச்செல்லும் வழி அனைத்தும் அடைபட்ட பின் எஞ்சிய ஒரே பதவிக்கான போட்டி அது. அவளுக்கும் வேட்கை உண்டு, திறனும் உண்டு. அவை செல்வதற்கு ஒரு மூலையே தரப்பட்டது.

கதையின் இறுதியில் நோயுற்ற ஜீஜியிடம் மீனாட்சி பேசும் பகுதி இதனை உறுதிசெய்கிறது. சமையலறையிலும் நகையிலும் வலிமை இல்லை என அவள் கூறுகிறாள். இந்த மூலை இல்லாதிருந்தால் ஜீஜி என்னவெல்லாம் ஆகியிருக்கக்கூடும் என்ற எண்ணமும் அங்கு விரிகிறது. அவ்விடத்தில் அறிவியல் வரலாற்றின் புகழ்பெற்ற கண்டுபிடிப்புத் தருணங்கள் நினைவூட்டப்படுவது தற்செயலன்று. கொதிக்கும் நீரின் ஆவியை நாள்தோறும் பார்த்தவள் ஜீஜி. பார்த்ததிலிருந்து ஒரு யோசனையை எழுப்பவும் அதைப் பிறர் கேட்கச் சொல்லவும் அவளுக்கு இடமில்லை. கண்டுபிடிப்பு என்பது மேதையின் தனியுடைமையன்று, கேட்கப்படும் வாய்ப்பின் விளைவு என்பது இதனாற் பெறப்படும்.

இங்குக் கதையின் அமைப்பிலுள்ள ஓர் இடைவெளியையும் சுட்டவேண்டும். தொடக்கத்தில் மீனாட்சி சமையலறையைச் சீரமைக்க விரும்புகிறாள்; முடிவில் அதனினின்று விலகும்படி ஜீஜியை அழைக்கிறாள். சீரமைப்புக்கும் துறப்புக்கும் இடையில் நேர்ந்த மாற்றத்தைக் கதை விளக்குவதில்லை. அந்தத் தாழ்வாரம் பின்னர்ப் பேசப்படுவதும் இல்லை. தோற்ற யோசனை கதையாலும் கைவிடப்படுகிறது. இக்கதையின் ஆற்றலை மதிக்கும் நாம் இதை ஒரு குறையாகவே கருதுகிறோம். ஏனெனில் எல்லாப் பெண்களும் விலகிச் செல்லுதல் இயலாது. நின்ற இடத்தை மாற்ற வேண்டியவர்களே மிகுதி.

4. தூதுரையும் நேருரையும்

மீனாட்சி சொன்ன முறை தவறு. நயமாகச் சொல்லியிருந்தால் மாமனார் கேட்டிருப்பார் என்பது வகுப்பறையில் எழக்கூடிய ஒரு மறுப்பு. இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நம் மரபிலேயே இதற்குச் சிறந்ததொரு சான்று உண்டு. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார், புறநானூற்றின் 95-ஆம் பாடலில் கையாளும் உத்தி அது. தொண்டைமானின் படைக்கலங்கள் அணி செய்யப்பட்டுக் காவல் மனையில் பொலிகின்றன என்று புகழ்வதுபோல் தொடங்கி, அதியமானுடையவை போரில் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என முடித்து, யாருக்குப் போர்ப்பயிற்சி உண்டு என்பதைக் கூறாமற் கூறிவிடுகிறார். அரசவையில் ஒரு பெண் தூதுரைத்தாள் என்பதும் அவ்வுரை இலக்கியமாகப் போற்றப்பட்டது என்பதும் நமக்குப் பெருமை தருவனவே.

எனினும் இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தல் பொருந்தாது. ஔவையார் பின்னால் ஒரு வேந்தன் நின்றான். அவர் தூதர் என்ற தகுதியோடு அவையில் நுழைந்தார். மீனாட்சிக்குப் பின்னால் யார் நின்றார்? கிஷன் அருகில் இருந்தான்; அவன் உடன்பாடு ஒரு சொல்லாக வெளிப்பட்டிருப்பின் காட்சி மாறியிருக்கும். நயமாகச் சொல்லும் பயிற்சியைப் பெண்ணுக்கு அறிவுறுத்துவோர், கேட்கும் பயிற்சியை எவருக்கும் அறிவுறுத்துவதில்லை. குறள் 65-ஆம் அதிகாரத்தில் சொல்வன்மையைக் கூறியதோடு நிற்கவில்லை. இன்னாரிடம் இவ்வினையை ஒப்படைக்கலாம் எனத் தெளிந்து ஆளும் கடமையை 52-ஆம் அதிகாரமாகிய தெரிந்துவினையாடலில் தலைவனுக்கு விதிக்கிறது. பேசுவோர்க்கு உரியதை மட்டும் கற்பித்து, ஆள்வோர்க்கு உரியதை விட்டுவிடுவது பாதிக் குறளைக் கற்பிப்பதாகும்.

5. கருவியைத் தம்மதாக்குதல்

யோசனைக்கு இடமில்லாத நிலையில் அந்த இடத்தையே உருவாக்கிக்கொண்ட பெண்ணும் தமிழில் உண்டு. வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960) குழந்தைப் பருவத்திலேயே மணமுடிக்கப்பட்டவர். முறையான பள்ளிக்கல்வி பெறாதவர். 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழைத் தாமே ஏற்று நடத்தத் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதினார். அவர் நாவல்களின் கலைத்தரம் பற்றி மாறுபட்ட மதிப்பீடுகள் இருக்கலாம். நம் நோக்கில் முதன்மையானது வேறொன்று. தம் எழுத்தை ஏற்குமாறு ஓர் ஆசிரியரை வேண்டி நிற்கும் நிலையிலிருந்து, ஏற்பதா விடுப்பதா என்று முடிவெடுக்கும் நிலைக்கு அவர் மாறினார். யோசனை சொல்பவரும் மறுமொழி தருபவரும் ஒருவரே ஆனார். மேடைப்பேச்சிலும் விடுதலைப் போராட்டத்திலும் ஈடுபட்டுச் சிறை சென்றவர் அவர் என்பதையும் சேர்த்து எண்ணினால், இதழ் என்னும் கருவி அவருக்குத் தந்த உறுதி விளங்கும். இலக்கிய வரலாறுகள் அவரை எண்ணிக்கைக்காக நினைவுகூர்கின்றன. நிறுவன ஆளுமைக்காக நினைவுகூர்வது அரிது.

6. பாலிக் புலாவும் பாயான் லெப்பாசும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். பினாங்குத் தீவின் பின்புறம் என்னும் பொருளிலேயே பெயர் பெற்ற பாலிக் புலாவ், சாதிக்காய்க்கும் கிராம்புக்கும் டுரியானுக்கும் பெயர்போன ஊர். அது அமைந்துள்ள தென்மேற்கு மாவட்டத்திலேயே, மலைத்தொடருக்கு அப்பால் பாயான் லெப்பாஸ் இருக்கிறது. ஜார்ஜ் டவுன் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை 1969-இல் இழந்தபின் வேலையின்மை பெருகியது. அதனை எதிர்கொள்ள, லிம் சோங் இயூ தலைமையிலான மாநில அரசு 1972-இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிக வலயத்தைத் தொடங்கியது. அயல்நாட்டு மின்னணு நிறுவனங்கள் வந்தன. நுண்ணோக்கியின் கீழ் குனிந்து, மயிரிழையினும் மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தும் பணிக்குக் கம்பங்களிலிருந்தும் நகரிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் சேர்க்கப்பட்டனர்.

அந்நாளில் முதலீட்டாளர்களை ஈர்க்க மலேசிய அரசின் விளம்பர ஏடு ஒன்று கீழைநாட்டுப் பெண்ணின் சிறிய கைகளையும் விரல் நயத்தையும் புகழ்ந்தது. டயான் எல்சன், ரூத் பியர்சன் ஆகிய ஆய்வாளர்கள் 1981-இல் எழுதிய கட்டுரையில் இவ்விளம்பரத்தை எடுத்துக்காட்டினர். அவ்விரல் நயம் பிறவிக்குணம் அன்று. தையல் முதலிய வீட்டுவேலைகளில் சிறுவயது முதல் பெற்ற பயிற்சியின் விளைவு. அதை இயற்கை என்று அழைப்பதால் அதற்குத் திறன் ஊதியம் தரவேண்டியதில்லை என்றாகிறது என அவர்கள் விளக்கினர். இவ்விளக்கத்தோடு நாம் ஒன்றைச் சேர்க்கலாம். கையைப் புகழ்வது தலையைக் கேளாதிருப்பதற்கான வழியும் ஆகும். எந்தக் கம்பி எப்போது அறுகிறது, எந்த விளக்கின் கோணம் கண்ணை உறுத்துகிறது என்பதை முதலில் அறிபவள் அங்கு அமர்ந்திருப்பவளே. ஜப்பானில் 1960-களில் தோன்றிய தரக்கட்டுப்பாட்டு வட்டங்கள் இவ்வறிவின் மதிப்பை உணர்ந்தே தொழிலாளரின் யோசனைகளை முறையாகத் திரட்டின. அவ்வறிவு நிறுவனத்துக்கு ஆதாயம் தரும் அளவுக்கு, சொன்னவளின் பதவி உயர்வுக்கு ஏணியாகிறதா என்பதே கேட்கப்படவேண்டிய கேள்வி.

மலேசியத் தமிழ்ப் புனைகதை இக்கேள்வியை எவ்வளவு எழுப்பியுள்ளது? அதன் பெரும்பரப்பு தோட்டப்புறத்தில் நிலைகொண்டது. பினாங்கில் வாழ்ந்த ரெ. கார்த்திகேசு (1940-2016) போன்றோர் நகர்ப்புறக் கல்வியாளர் உலகத்தை நாவலுக்குள் கொண்டுவந்தனர். ஆயினும் பால்மரத்தின் முன் நின்ற பெண்ணுக்குக் கிடைத்த இலக்கிய இடம், நுண்ணோக்கியின் முன் அமர்ந்த பெண்ணுக்கு இன்னும் கிடைக்கவில்லை. பால்மரப் பெண்ணையும் நாம் பெரிதும் இரக்கத்துக்கு உரியவளாகவே எழுதினோம். வெட்டும் கோணத்தையும் பட்டையின் தன்மையையும் அறிந்த தொழில் வல்லுநராக எழுதியது குறைவு. இரக்கம் இலக்கியத்துக்கு வேண்டும். ஆனால் இரக்கத்துக்கு உரியவளிடம் எவரும் யோசனை கேட்பதில்லை.

7. தனிக்குரலும் கூட்டுக்குரலும்

மீனாட்சியின் தோல்விக்கு அவள் தனித்து நின்றதும் காரணம் என்றோம். இதற்கு மறுதலையான சான்று நம் ஆசிரியர் வரலாற்றிலேயே உள்ளது. இளவயதில் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த ராசம்மா பூபாலன், பின்னர் ஆசிரியப் பணியேற்று, 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கெனத் தொழிற்சங்கம் நிறுவி அதன் முதல் தலைவரானார். ஒரே கல்வித் தகுதியும் ஒரே பணியும் கொண்டிருந்தும் பெண் ஆசிரியர்க்கு ஆணைவிடக் குறைந்த ஊதியம் வழங்கப்பட்ட காலம் அது. சமவேலைக்குச் சமஊதியம் என்ற கோரிக்கையைத் தனியொருத்தி சொல்லியிருந்தால் அவா எனப்பட்டிருக்கும். சங்கம் சொன்னபோது அது கொள்கையாயிற்று. 1960-களின் இறுதியில் அரசு அக்கொள்கையை ஏற்றது. இன்று ஊதியச் சீட்டைப் பெறும் ஆசிரியைகளுள் எத்தனை பேர் இவ்வரலாற்றை அறிவர்?

சட்டமும் பின்தொடர்ந்தது. 2001-இல் கூட்டரசு அரசமைப்பின் 8(2)-ஆம் பிரிவில் பாலினம் என்னும் சொல் சேர்க்கப்பட்டு, அதன் அடிப்படையிலான வேற்றுமை தடுக்கப்பட்டது. 2022-இல் திருத்தப்பட்டு 2023 சனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டம், பணிநேரத்தையோ இடத்தையோ மாற்றித் தருமாறு எழுத்து மூலம் விண்ணப்பிக்கும் தொழிலாளிக்கு 60 நாளுக்குள் எழுத்து மூலம் மறுமொழி தரவேண்டும் என்கிறது. மறுப்பின் காரணத்தையும் கூறவேண்டும். இவ்விதி எல்லா யோசனைகளுக்கும் பொருந்துவதன்று. விண்ணப்பம் ஏற்கப்படும் என்ற உறுதியையும் அது தருவதில்லை. எனினும் காரணம் கூறாமல் கயிறு கட்டிவிட்டுப் போகும் பப்பாஜிகளின் உரிமை, ஒரு சிறு பரப்பிலேனும் பறிக்கப்பட்டுள்ளது. மறுமொழி என்பது மேலுள்ளவரின் கருணை என்ற நிலை மாறி, கடமை என்றாகத் தொடங்கியுள்ளது.

நிறைவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஔவையார் தூதுத் தகுதியால் கேட்கப்பட்டார். கோதைநாயகி அம்மாள் தமக்கென ஒரு கருவியைப் பெற்றுத் தம் குரலைக் கேட்கச் செய்தார். ராசம்மா பூபாலன் சங்கத்தின் வழியாகக் கேட்கச் செய்தார். மீனாட்சிக்குத் தகுதியும் கருவியும் சங்கமும் இல்லை; யோசனை மட்டுமே இருந்தது. யோசனை நல்லதாயின் அது தானே வெல்லும் என்ற நம்பிக்கையை அம்பையின் கதை மறுக்கிறது. அது மறுப்பது பெண்ணின் திறனையன்று.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றிலும் நாடெங்கும் உள்ள பிற தமிழ்ப்பள்ளிகளிலும் கற்பிப்போருள் பெண்களே பெரும்பான்மையினர் என்பது கண்கூடு. பாடத்துணைப் பொருளை உருவாக்குவதிலும் வாசிப்புத் திட்டத்தை மாற்றியமைப்பதிலும் அவர்களிடம் யோசனைகள் இல்லாமல் இல்லை. கூட்டக் குறிப்பேட்டில் அவை யார் பெயரில் பதிவாகின்றன, எத்தனைக்குக் காரணத்தோடு மறுமொழி தரப்பட்டது என்று ஒவ்வொரு பள்ளியும் தன் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தல் நலம். இலக்கிய வகுப்பிலும் ஒரு மாற்றம் செய்யலாம். மீனாட்சியின் பண்புநலன்களை எழுதுக என்ற வினாவுக்குப் பதிலாக, மீனாட்சியின் திட்டத்தை வரைபடமாக வரைந்து அதன் நிறைகுறைகளை ஆராய்க என மாணவரைக் கேட்கலாம். தாழ்வாரமும் தொட்டியும் கம்பியும் தாளில் உருப்பெறும்போது, அவள் அடங்காத மருமகளாகவோ துன்புற்ற பெண்ணாகவோ மட்டும் அவர்களுக்குத் தோன்றமாட்டாள்; வேலையறிந்த ஒருத்தியாகத் தோன்றுவாள். அத்தகைய வாசிப்பில் பழகும் மாணவன் நாளை ஓர் அலுவலகத்தின் தலைவனாகலாம், மாணவி தலைவியாகலாம். தம்மிடம் வரும் யோசனையை யார் சொன்னார் என்று பாராமல் என்ன சொன்னார் என்று கேட்கும் பயிற்சியை அவர்களுக்குத் தருவது தமிழாசிரியர்க்கு இயலாத செயலன்று.